யாருடா அந்தப் பார்த்தி?

சிங்கவரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் போன வருஷம் ஒரு சின்னக் கலவரம் நடந்தது. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

சிங்கவரம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு... செஞ்சிக் கோட்டை தெரியுமில்லையா? அதற்கு வடக்கே நாலைந்து கிலோமீட்டர். பல்லவர் காலத்தில் மலையைக் குடைந்து, அதே பாறையில் ரங்கநாதரைப் படுக்க வைத்துவிட்டார்கள். அவர் பாட்டுக்கு மேலே படுத்திருக்கிறார். கீழே நாங்கள். நாங்கள் என்றால் இப்போது அம்மா மட்டும்தான். எண்பத்து மூன்று வயது. 'சென்னைக்கு வந்துடும்மா' என்று கூப்பிட்டால், 'அங்க வந்து இன்னா பண்றது? லிஃப்டுல ஏறி, லிஃப்டுல எறங்கறதா?' என்பாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

என் மகளுக்கு பிரான்சில் லியோன் நகரத்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷம். பிளஸ் ஒன்னில் 'ஈஸியா மார்க் வாங்கலாம்ப்பா' என்று எடுத்த பிரெஞ்சு. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் அதற்காகத்தானே எடுக்கிறார்கள்! பரீட்சை முடிந்ததும் தலைமுழுகிய அந்தப் பாஷையிடமே திரும்பப் போய் நிற்க வேண்டியதாகிவிட்டது. சாயங்கால வகுப்பு, ஒரு தடி புத்தகம், இரண்டு நோட்டு. விமானம் ஏறுவதற்கு முன்னால் பத்து நாள் ஆயாவோடு இருக்க வேண்டும் என்று சிங்கவரம் வந்தவள், நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தேன்.

காலையில் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்கிறாள்.

'ஜ ஸரே பார்த்தி... த்யு ஸரா பார்த்தி... இல் ஸரா பார்த்தி...'

அம்மா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒருதரம் கேட்டாள், இரண்டு தரம் கேட்டாள். அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கண்ணாலேயே உள்ளே கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'ஏண்டா, யாருடா அந்தப் பார்த்தி? கூடப் படிக்கிற புள்ளையா? எழுந்ததுலேர்ந்து அவன் பேரையே சொல்லிக்கினு இருக்குதே!'

எனக்குச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மகளுக்கு பத்து நிமிஷம். அம்மா மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை.

பார்த்தி ஒரு பையன் இல்லை. 'பார்த்திர்' என்று ஒரு வினைச்சொல். புறப்பட்டுப் போவது என்று அர்த்தம். 'ஜ ஸரே பார்த்தி' என்றால், 'நான் போயிருப்பேன்'. இதற்கு பிரெஞ்சில் 'ஃப்யுத்யுர் ஆந்தேரியர்' என்று பேர். எதிர்காலம்தான், ஆனால் இன்னொரு எதிர்காலத்துக்கு முந்தினது. புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு விளக்கம், ஒன்றரைப் பக்கத்துக்கு அட்டவணை. படித்தால் தலை சுற்றும்.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் மூன்று காலம்தானே சொல்லிக்கொடுத்தார்கள்? இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். வந்தான், வருகிறான், வருவான். முடிந்தது கதை. அதனால் மகள் சொன்னாள், 'இந்த டென்ஸ் தமிழ்ல கிடையாதுப்பா. அதான் மண்டையில ஏற மாட்டேங்குது.'

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்தாம் கிளாஸ் வரை படித்தவள். 'எது கெடையாது? இன்னான்னு சொல்லு, இருக்குதா இல்லையான்னு பாக்கலாம்' என்றாள்.

மகள் கொஞ்சம் யோசித்து, 'நாளைக்கு ஒரு நேரத்துல நாம நிக்கறோம்னு வச்சுக்க ஆயா. அந்த நேரத்துக்குள்ள ஒண்ணு நடந்து முடிஞ்சிருக்கும். இன்னும் நடக்கல, ஆனா அப்போ முடிஞ்சிருக்கும். அதை எப்படிச் சொல்றதுன்னு...'

'இதானா? நீ மொகம் கழுவி, பொட்டு வச்சி, செஞ்சி பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள திண்டிவனம் வண்டி எடுத்திருப்பான்!'

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அட்டவணையில் இருந்தது அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்தது.

யோசித்துப் பாருங்கள், ஒருநாளைக்கு எத்தனை தடவை நாம் இதைச் சொல்கிறோம்! 'நான் வர்றதுக்குள்ள சோறு ஆறிப்போயிருக்கும்.' 'ஆறு மணிக்குள்ள கடையைச் சாத்தியிருப்பான்.' இலக்கணப் புத்தகத்தில் தனிப் பேர் கொடுத்து உட்கார வைக்கவில்லையே தவிர, வீட்டுக்கு வீடு இருக்கிற காலம் இது. 'இரு' என்ற துணைவினையை ஒட்டவைத்துவிட்டால் போதும். எடுத்து + இருப்பான். அந்த 'இருப்பான்'-ஐப் பிரித்தால் நடுவில் வரும் 'ப்' எதிர்கால இடைநிலை, கடைசி 'ஆன்' படர்க்கை ஆண்பால். தமிழாசிரியர் பிரம்போடு நின்று பகுபத உறுப்பிலக்கணம் கேட்டது இப்போதுதான் உதவுகிறது.

பிரெஞ்சும் கிட்டத்தட்ட இப்படித்தான் செய்கிறது. ஒரு துணைவினையை எதிர்காலத்தில் வைத்து, பின்னால் முடிந்துபோன வினையின் எச்சத்தை வைத்துவிடுகிறது. நாம் 'முடித்து இருப்பேன்' என்கிறோம். அவர்கள் இருப்பேனை முன்னால் போட்டு முடித்ததைப் பின்னால் தள்ளுகிறார்கள். வண்டியைத் திருப்பி நிறுத்தினாற்போல. ஆனால் அவர்களிடம் ஒரு தொல்லை. துணைவினை இரண்டு. ஒன்று 'வைத்திருப்பது' என்ற அர்த்தத்தில், இன்னொன்று 'இருப்பது' என்ற அர்த்தத்தில். பெரும்பாலான வினைகளுக்கு முதலாவது. 'ஜோரே ஃபினி', நான் முடித்திருப்பேன். வருவது, போவது, ஏறுவது, இறங்குவது, நுழைவது, தங்குவது, விழுவது, பிறப்பது, சாவது என்று ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் இரண்டாவது. தமிழில் அந்தக் கவலையே இல்லை. ஏனென்றால் 'வைத்திருப்பது' என்பதற்கு நமக்குத் தனியாக ஒரு வினைச்சொல்லே கிடையாது. பணம்கூட 'என்னிடம் இருக்கிறது'தான். வைத்திருப்பதிலும் கடைசியில் இருப்பதுதானே வருகிறது!

அந்தச் சிறு கூட்டத்தை மனப்பாடம் செய்ய பிரெஞ்சு வாத்தியார்கள் ஒரு வீடு வரைந்து காட்டுவார்கள். வாசலில் நுழைகிறவன், மாடிப்படி ஏறுகிறவன், இறங்குகிறவன், தடுக்கி விழுகிறவன், மேலே ஓர் அறையில் பிறக்கிற குழந்தை, இன்னோர் அறையில் சாகக் கிடக்கும் கிழவர். என் மகள் வீட்டை அடித்துவிட்டு நோட்டில் சிங்கவரம் மலையை வரைந்தாள். படியில் ஏறுவது 'மோந்தே'. குகைக்குள் நுழைவது 'ஆந்த்ரே'. இறங்குவது 'தெஸாந்த்யு'. அவசரமாக இறங்கினால் 'தோம்பே', விழுவது. உள்ளே படுத்திருக்கும் பெருமாள் பக்கத்தில் 'ரெஸ்தே' என்று எழுதினாள். தங்கிவிட்டவர். அதற்கப்புறம் அந்தப் பட்டியல் அவளுக்கு மறக்கவில்லை. எனக்கும்தான்.

இன்னொரு இடத்தில் நம் பிள்ளைகள் மார்க்கைக் கோட்டைவிடுவார்கள் என்று வகுப்பெடுத்த மேடம் சொன்னாராம். 'நான் முடித்ததும் வருவேன்' என்பதை இங்கிலீஷ் வழியாக யோசித்து, 'நான் முடிக்கும்போது வருவேன்' என்று எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சில் அங்கே 'முடித்திருப்பேன்' போட்டாக வேண்டும். 'நான் முடித்திருக்கும்போது, வருவேன்' என்கிற கணக்கில். இது என்ன கொடுமை என்று தோன்றும். ஆனால் தமிழைக் கவனியுங்கள். 'நாளைக்கு நீ ஊருக்குப் போனதும் போன் பண்ணு' என்கிறோம். நாளைக்குத்தானே போகப் போகிறாள்? அப்புறம் எப்படிப் 'போனது'? நாமும் நாளைய காரியத்தை முடிந்துபோனதாக வைத்துத்தான் பேசுகிறோம். இங்கிலீஷை நடுவில் நிறுத்தாமல் நேராகத் தமிழிலிருந்து போயிருந்தால் மேடத்துக்குப் பாதி வேலை மிச்சம்.

இதுவரை சரி. இனி சொல்வது எனக்கே கொஞ்சம் கஷ்டமான விஷயம்.

தமிழின் இந்த 'இருப்பார்' மூன்று வேலை செய்கிறது. 'பத்து மணிக்குள் வந்திருப்பார்' என்றால் இனி நடக்கப்போவது. 'சத்தம் கேக்குது, அப்பா வந்திருப்பார்' என்றால் ஊகம். 'சொல்லியிருந்தால் வந்திருப்பார்' என்றால் நடக்காமலே போனது. வார்த்தை ஒன்றுதான். பிரெஞ்சு முதல் இரண்டையும் நம்மைப் போலவே ஒரே உருவத்தில் வைத்துக்கொள்கிறது. மூன்றாவதை மட்டும் பிரித்துவிடுகிறது. 'அவர் பேசியிருப்பார்' என்பது நடக்கும் என்றால் 'இல் ஓரா பார்லே', நடக்காமல் போனது என்றால் 'இல் ஓரெ பார்லே'. தன்மையில் எழுதும்போது வித்தியாசம் கடைசியில் வரும் ஒரே ஓர் எஸ். அதையும் உச்சரிக்க மாட்டார்கள். பலபேர் வாயில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பேப்பரில்தான் நம்பிக்கை வேறு, வருத்தம் வேறு.

1997-ல் நான் மும்பையில் வேலையில் இருந்தேன். எதிர்வீட்டு போனிலிருந்து சித்தப்பா பேசினார். 'அப்பாவுக்கு முடியல. பொறப்பட்டு வா.' மாசக் கடைசி. கணக்கு முடிக்க வேண்டும். யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை, நானாகத்தான் இரண்டு நாள் தள்ளிப் புறப்பட்டேன். தாதர் எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம். செல்போன் இல்லாத காலம் என்பதால் வழியெல்லாம் மனசுக்குள் நானே செய்தி வாசித்துக்கொண்டு வந்தேன். இந்நேரம் அப்பா எழுந்து உட்கார்ந்திருப்பார். கஞ்சி குடித்திருப்பார். சித்தப்பா கைத்தாங்கலாகத் திண்ணைக்கு அழைத்து வந்திருப்பார். நான் போவதற்குள் தெளிந்திருப்பார். எல்லாம் 'இருப்பார்', 'இருப்பார்'. சென்னையில் இறங்கி, திண்டிவனம் பஸ் பிடித்து, செஞ்சியில் மாறி, சிங்கவரத்தில் இறங்கியபோது எதிர்வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி குண்டக்கல் தாண்டும்போதே அப்பா போய்விட்டிருந்தார். எல்லாம் முடிந்திருந்தது.

சித்தப்பா என் தோளில் கைவைத்துச் சொன்னார். 'ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தீன்னா பேசியிருப்பாருடா.'

ரயிலில் நான் சொல்லிக்கொண்டு வந்த அதே 'இருப்பார்'. அவருக்கும் வேறு வார்த்தை கிடையாது, எனக்கும் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் கழித்து மகளின் நோட்டில் அந்த 'ஓரா', 'ஓரெ' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, இவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்களே என்று கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள், 'புரியலையாப்பா?' என்றாள். 'புரியுது, மேல படி' என்றேன்.

அதற்கப்புறம்தான் அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு தடவை நான் ஊரிலிருந்து கிளம்பும்போதும், 'அடுத்த தபா நீ வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்திருப்பேன்' என்பாள். சாதாரணமாக, முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டே. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். வயசானவர்கள் சொல்வதுதானே என்று நீங்கள் சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டுவீர்கள். எனக்குச் சிரிக்க வராது.

சரி, திண்ணைக்கு வருகிறேன். நடப்பதற்கு முன்னாலேயே நடந்து முடிந்ததாகச் சொல்வது என்றதும் அம்மா, 'அது நம்ம பெருமாளுக்குத் தெரியும்டி' என்று தேசிங்கு ராஜா கதையை எடுத்துவிட்டாள். உங்களுக்கும் தெரிந்திருக்கும். (பாருங்கள், எனக்கும் 'இருக்கும்' போடாமல் எழுத வரவில்லை.) தேஜ் சிங் என்ற ராஜபுத்திரப் பேர்தான் நம் வாயில் தேசிங்கு ஆயிற்று. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று 1714-ல் சண்டைக்குப் போனவன். இருபத்திரண்டு வயசு என்பார்கள். சிங்கவரம் ரங்கநாதர் அவனுக்கு இஷ்ட தெய்வம். சண்டைக்குப் புறப்படும்போது மலையேறி வந்து பெருமாளிடம் விடை கேட்டான். பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் போனான், செத்தான். அன்றைக்குத் திருப்பிய முகம் என்று இன்றைக்கும் அந்தத் தலையைக் காட்டுவார்கள்.

அம்மா சொல்லும்போது இதில் ஒரு விவரம் சேரும். 'அவன் இன்னா கேட்டான்? போய்ட்டு வரேன் சாமின்னான். போறது போவான், வர மாட்டான்னு அவருக்குத் தெரியும். பொழுது சாயறதுக்குள்ள இந்தப் புள்ள செத்திருப்பான்னு தெரிஞ்சி, எப்படி மொகத்தைப் பாத்து சரின்னுவாரு? அதான் திரும்பிக்கினாரு.'

மகள் பேனாவை எடுத்தாள். 'இல் ஸரா மோர்.' அவன் இறந்திருப்பான். சாவதும் அந்தச் சிறு கூட்டத்தில் சேர்ந்ததுதான், மலைப்படத்தில் இடம் இல்லாமல் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். இப்போது அதற்கு ஒரு குதிரை வரைந்தாள்.

தேசிங்கு போய் 36 வருஷம் கழித்து, 1750 செப்டம்பரில், புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்களே செஞ்சிக்கு வந்து ஒரே ராத்திரியில் கோட்டையைப் பிடித்தார்கள். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது, ஏப்ரலில் செஞ்சியும் போயிற்று. கோட்டையில் புதுச்சேரி வாசல் என்று ஒரு வாசல் இருக்கிறது. பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை என்பார்கள். அவ்வளவுதான் மிச்சம். இந்த இடத்தில் பிரெஞ்சுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. நடந்து முடிந்து மூடிய கணக்கைக்கூட இந்தக் காலத்தில் எழுதுவார்கள். 'பிரான்ஸ் செஞ்சியைப் பத்தரை வருஷம் வைத்திருந்திருக்கும்' என்று. பெரிய மனிதர் யாராவது இறந்தால் பேப்பரில், 'அவர் ஐம்பது வருஷம் மேடையை ஆண்டிருப்பார்' என்று வரும். ஆண்டார் என்றுதான் அர்த்தம். மொத்த வாழ்க்கையையும் கூட்டிக் கழித்து அடியில் கோடு போடுகிற மாதிரி. தமிழில் அப்படி எழுதினால், 'ஏன், நிருபருக்கே சந்தேகமா?' என்று வாசகர் கடிதம் வந்துவிடும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது செஞ்சியும் அதில் இருந்தது. 'இனி வெள்ளைக்காரன் நெறைய வருவான்' என்று ஊரில் பேச்சு. என் மகள் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, சாப்பாடு ஆனதும் அம்மா அதைச் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை எனக்கில்லை, பேத்திக்கு. 'ரெண்டு வருசம் ஆவுமா? நீ திரும்பி வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்திருப்பேன் கண்ணு.'

நான் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். பின்னால் மகள் குரல்.

'அதை பிரெஞ்சுல சொல்லு ஆயா.'

'எனக்கு இன்னாடி தெரியும்?'

'பத்து நாளா கேட்டியே. ஜ ஸரே...'

'...பார்த்தி' என்றாள் அம்மா.

'கரெக்ட். ஆனா நீ எழுதினா கடைசியில ஓர் எழுத்து சேக்கணும். பொம்பளை போனா ஸ்பெல்லிங் வேற. வாயில வராது, பேப்பர்ல மட்டும்.'

'செத்துப் போறதுல கூட ஆம்பள பொம்பள பாக்கறானா அவன்?'

இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். அம்மா சிரித்து முடித்து, 'அப்ப நானும் பேர எழுதிக்கினுதான் போவணும்' என்றாள்.

மறுநாள் விடிகாலை மகள் மலைக்குப் போனாள். அம்மாவுக்கு முழங்கால் வந்ததிலிருந்து படி ஏற முடியாது. கீழே நின்று கும்பிடுவதோடு சரி. 'மொகத்தை நல்லாப் பாத்துட்டு வா' என்று சொல்லி அனுப்பினாள். நான் வாடகைக் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் மகள் நெற்றியில் திருமண்ணோடு இறங்கி வந்தாள்.

'பாத்தியா?'

'பாத்தேன் ஆயா.'

'எந்தப் பக்கம் வச்சிருக்காரு?'

மகள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். 'எப்பவும் இருக்கிற மாதிரிதான். திரும்பித்தான் இருக்கு.'

அம்மா தலையை ஆட்டினாள். 'அது தேசிங்குக்குத் திருப்புனது. உனக்குன்னு புதுசா ஒண்ணும் திருப்பலையே? அப்ப சரி. போய்ட்டு வா.'

கார் செஞ்சி தாண்டும்போது மகளின் செல்போன் அடித்தது. அம்மாதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

'கண்ணு, கேக்க மறந்துட்டேன். போனதும் பேசு. அப்புறம்... நெசமாலுமே அந்தப் பார்த்தின்னு யாரும் இல்லியே?'